வெங்காயத்துக்கு மண்டி விலை இருக்கிறது, விதைக்கு?

தொண்டாமுத்தூரில் சின்ன வெங்காயம் அறுப்பவர், மாப்பிள்ளையின் மண்டிக்கே சரக்கைப் போட்டுக் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து எழுதினாலும் மறைக்க முடியாது. கோவை எம்.ஜி.ஆர். மார்க்கெட்டில் அன்றைக்கு என்ன விலை போனது என்று ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

பன்னாட்டு நிறுவனங்களிலும் இதே கதைதான், தொகைதான் பெரிது. ஒரே குழுமத்தின் இரண்டு கம்பெனிகள் தமக்குள் சரக்கோ தொழில்நுட்பமோ கைமாற்றும்போது போட்டுக்கொள்வது 'பரிமாற்ற விலை'. விலையைக் கூட்டினாலும் குறைத்தாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. லாபம் எந்த நாட்டுக் கணக்கில் ஏறுகிறது என்பதுதான் மாறும். வரி குறைந்த நாட்டில் ஏறினால் அவ்வளவும் மிச்சம். இதைத் தடுக்க 2001 நிதிச் சட்டம் விரிவான விதிகளைக் கொண்டுவந்தது: ஒட்டுறவில்லாத இருவர் பேசி முடித்திருக்கக்கூடிய விலையே கணக்கில் வர வேண்டும்.

மண்டி விலை உள்ள விளைபொருளில் இது எளிது. சோயா ஏற்றுமதியில் இடைத்தரகுக் கம்பெனிகளைக் காட்டி விலை குறைக்கப்படுவதைத் தடுக்க, கப்பலில் சரக்கு ஏறும் நாளின் சந்தை விலையையே அளவுகோலாக்கியது அர்ஜென்டினா, 2003-ல்.

வீரிய விதைக்கு அப்படி ஒரு மண்டி இல்லை. அதன் ஆண், பெண் பெற்றோர் விதைகளைக் கம்பெனி வெளியே விற்பதே இல்லை. ஒப்பிட எதை எடுப்பது? உள்ளே இருக்கும் மரபணு என்றால் இன்னும் சிக்கல். 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியைப் பாருங்கள். மான்சான்டோவும் மஹிகோவும் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனம், ஆத்தூர் ராசி சீட்ஸ் போன்ற உள்நாட்டு விதை நிறுவனங்களுக்கு மரபணுவை உரிமத்தில் கொடுத்தது. 450 கிராம் பாக்கெட்டில் மரபணுக் கட்டணம் மட்டும் சுமார் 1,250 ரூபாய் என்று 2006-ல் ஆந்திர அரசு ஏகபோக வணிக ஆணையத்துக்குப் போனது. ஆந்திராவில் பாக்கெட் விலையே 750-க்கு இறங்கியது. பிறகு மத்திய அரசு தலையிட்டது. அடுத்த தலைமுறை மரபணுவுக்கு அது வைத்த கட்டணம் 2016-ல் 49 ரூபாய், 2020-ல் பூஜ்யம். இதில் எது 'நியாய விலை' என்று எந்த ஆடிட்டர் சொல்வார்?

இத்தனைக்கும் அது வெளியாட்களுடன் நடந்த பேரம், அதனால்தான் சண்டை ஊரறிய நடந்தது. குழுமத்துக்குள்ளேயே போகும் ராயல்டிக்கு எதிர்த்துக் கேட்க ஆளில்லை, வரித்துறையைத் தவிர. அந்த வழக்குகளும் தீர்ப்பாயத்தில் வருடக்கணக்கில் இழுக்கும். அதற்காகவே 2012-ல் முன்விலை ஒப்பந்தம் வந்தது: ஐந்து ஆண்டுகள் வரைக்கான விலைக் கணக்கீட்டைக் கம்பெனியும் நேரடி வரிகள் வாரியமும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளலாம். வழக்கு குறைகிறது, சரிதான். ஆனால் அந்தக் கணக்கு பொதுவெளிக்கு வருவதில்லை. விதை வாங்குபவருக்குத் தெரிவது பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. மட்டும்.