சுபிக்ஷா: ஒரு கடைத்தொடரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

'சுபிக்ஷம்' என்ற வடசொல்லுக்குச் செழிப்பு என்று பொருள் சொல்கின்றோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால், கேட்டவருக்கெல்லாம் உணவு தாராளமாகக் கிடைக்கும் நிலை என்பதே அதன் கருத்து. எதிர்ச்சொல் துர்ப்பிக்ஷம், அதாவது பஞ்சம். சென்னையில் தோன்றிய 'சுபிக்ஷா' என்ற சில்லறைக் கடைத்தொடர் பன்னிரண்டே ஆண்டுகளில் முதலாவது சொல்லிலிருந்து இரண்டாவதற்கு வந்து சேர்ந்தது. வியாபாரிகள் நிறைந்த நமது சமூகம் அறிந்திருக்க வேண்டிய கதை இது.

1997இல் திருவான்மியூரில் முதற்கடை திறக்கப்பட்டது. தொடங்கியவர் ஆர். சுப்பிரமணியன், சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். அவருடைய கணக்கு எளிமையானது. குளிரூட்டி இல்லை, பளபளப்பு இல்லை. குடியிருப்புகளுக்கு நடுவே, வாடகை குறைந்த இடத்தில் சிறிய கடை. எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து மொத்தமாகக் கொள்முதல். இப்படி மிச்சம் பிடித்த சல்லியில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்கே விலைக்கழிவாகக் கொடுப்பது. அரிசி, பருப்பு, சவர்க்காரம் மட்டுமல்ல, மருந்துகூட பொதியில் அச்சிட்ட விலையைவிடக் குறைவாகக் கிடைத்தது. சனம் வராமல் இருக்குமா?

மலிவு விலைக் கடை எப்படிப் பிழைக்கின்றது என்பதை இவ்விடத்தில் விளங்கிக்கொள்ள வேண்டும். நூறு ரூபா முதலில் இரண்டு ரூபா இலாபம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு ரூபா மாதம் ஒரு தடவை சுழன்றால் வருடத்துக்கு 24 ரூபா. இரு தடவை சுழன்றால் 48 ரூபா. ஆகவே இலாபம் விலையில் இல்லை, சுழற்சியில்தான் இருக்கின்றது. இறாக்கை வெறுமையானால் சுழற்சி நின்றுவிடும். வாடகையும் சம்பளமும் வட்டியும் நிற்காது.

2006 வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே சுமார் 150 கடைகளுடன் சுபிக்ஷா நிதானமாக நடந்தது. அந்த ஆண்டு ரிலையன்ஸ் நிறுவனம் ஹைதராபாத்தில் தன் முதல் மளிகைக் கடைகளைத் திறந்தது. பெரிய கைகள் வந்து இடத்தைப் பிடிப்பதற்கு முன் நாம் பிடித்துவிட வேண்டும் என்ற ஓட்டம் தொடங்கியது. டெல்லி, மும்பை என்று பரந்து, கையடக்கத் தொலைபேசி விற்பனையிலும் இறங்கி, 2008இன் இறுதியில் கடைகளின் எண்ணிக்கை 1,600ஐ எட்டியது.

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது? சொந்த மூலதனம் சிறியது, பெரும்பகுதி கடன். அது சுமார் 750 கோடி இந்திய ரூபாவாக ஏறியது. சாமானாகச் சுழல வேண்டிய சல்லி புதிய கடைகளில் முடங்கியது. 2008 செப்டெம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தபோது உலகெங்கும் கடன் வாசல்கள் அடைபட்டன. பங்கு விற்று மூலதனம் திரட்டும் வழியும் மூடிக்கொண்டது.

அதன்பிறகு நடந்தது கண்ணி கண்ணியாக நடந்தது. விநியோகஸ்தருக்குப் பணம் போகவில்லை, சாமான் வரவில்லை. சாமான் இல்லாததால் விற்பனை இல்லை. விற்பனை இல்லாததால் கொடுக்கப் பணமும் இல்லை. 2009இன் தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. ஊழியர்களுக்குச் சம்பளமில்லை. காவலாளிகளும் போய்விட, சில கடைகளில் எஞ்சியதும் களவு போனது. ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர், அஸீம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் போன்ற பெரும் பங்காளிகள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

வாடிக்கையாளர் கைவிட்டதால் சுபிக்ஷா விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்க ஆள் இருந்தது. இறாக்கையில் சாமான்தான் இல்லை. இதே தொழிலில், மும்பையில் 2002இல் முதற்கடையைத் திறந்த டிமார்ட், பெரும்பாலும் சொந்தக் கட்டடங்களில், மெதுவாகவே வளர்ந்தது. 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோதும் அதனிடம் இருந்தவை நூற்றுக்குச் சற்று அதிகமான கடைகள்தான். இன்றும் அது நிலைத்து நிற்கின்றது.

நம் ஊர்களிலும் ஒரு கடை நன்றாக ஓடினால், 'அடுத்த கிளை எப்ப திறக்கிறீங்க?' என்றுதான் முதலில் கேட்கிறோம். இருக்கின்ற கடையின் இறாக்கையை நிரப்பக் கையில் காசு மிஞ்சுமா என்று யாரும் கேட்பதில்லை. சுபிக்ஷாவில் வேலை செய்தோரும் அதற்குக் கடனுக்குச் சாமான் கொடுத்தோரும் அந்தக் கேள்விக்கான விலையைச் செலுத்தினார்கள்.