ஒரு வீட்டுப் பத்திரத்தில் இரு பொருளாதாரங்கள்

தடையற்ற சந்தை சிறந்ததா, சமதர்மம் சிறந்ததா என்னும் விவாதம் நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. உடைமை தனியாரிடம் இருக்க வேண்டும், விலையைச் சந்தை தீர்மானிக்க வேண்டும் என்பது ஒரு கொள்கை. நிலமும் பெருந்தொழிலும் சமூகத்தின் பொறுப்பில் இருந்தால்தான் எளியோருக்குப் பங்கு கிட்டும் என்பது மற்றொன்று. நூல்களில் எதிரெதிராக நிற்கும் இவை, நவி மும்பையின் கோபர்கைரனேயில் வீடு வாங்குவோரின் பத்திரத்தில் அருகருகே இடம்பெறுகின்றன.

அரசின் நிலம்

மும்பையின் நெரிசலைக் குறைக்கும் நோக்குடன் 1970-இல் மகாராஷ்டிர அரசு சிட்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. 95 கிராமங்களை உள்ளடக்கிய ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர் பரப்பு புதிய நகருக்கென வரையறுக்கப்பட்டது. நகரம் வளரும்போது நிலமதிப்பு உயரும். அவ்வுயர்வு தரகர்களைச் சேராமல் சாலைக்கும் குடிநீருக்கும் எளியோர் குடியிருப்புக்கும் பயன்பட வேண்டும் என்பதே திட்டத்தின் அடிப்படை. கோபர்கைரனேயின் சிறு மனைகளும் வரிசை வீடுகளும் இச்சிந்தனையின் விளைவுகளே.

சந்தையின் விலை

ஆயினும் சிட்கோ சந்தையை விலக்கவில்லை. வணிக மனைகளை ஒப்பந்தப்புள்ளி வாயிலாக உயர்விலைக்கு விற்று, அவ்வருவாயைக் கொண்டே எளியோர் வீடுகளின் விலையைத் தாழ்த்தியது. மனைகள் பொதுவாக 60 ஆண்டுக் குத்தகைக்கே வழங்கப்பட்டன. நிலம் பொதுவுடைமை, ஆனால் அதன்மேலுள்ள வீடு கைமாறும் விலை சந்தையுடையது. எளியோருக்கென எழுந்த வீடு, மறுவிற்பனையில் எளியோருக்கு எட்டாத விலையை அடைவதும் இதனாலேயே.

நிலம் தந்தோர்

இவ்வரலாற்றில் உழவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிலத்தை வாங்கும் உரிமை அரசு ஒன்றிடமே இருந்தமையால், விலை பேசும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. 1984 ஜனவரியில் டி. பா. பாட்டீல் தலைமையில் உரண் வட்டாரத்தில் நிகழ்ந்த போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டை மேம்படுத்திய மனையாகத் திருப்பித் தரும் திட்டம் பிறந்தது. நகரின் வளர்ச்சியில் உழவருக்குப் பங்களித்தது சந்தையுமன்று, அரசின் தொடக்கத் திட்டமுமன்று. போராடிப் பெற்ற எழுத்துப்பூர்வ உரிமையே.

வாங்குவோர் கவனத்திற்கு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலிருந்து இங்கு வீடு தேடி வரும் நம்மவர்க்கும் இது பொருந்தும். முன்பணம் தருமுன் மூன்றை ஆராய்க.

1. சிட்கோ குத்தகை மனையெனில், எஞ்சிய குத்தகைக் காலம் எவ்வளவு? உரிமை மாற்றத்திற்கும் அடமானத்திற்கும் சிட்கோவின் தடையின்மைச் சான்று உண்டா?

2. 12.5 விழுக்காட்டுத் திட்ட மனையெனில், சிட்கோ, மனை பெற்ற உழவர் குடும்பம், கட்டுநர் ஆகியோரின் முத்தரப்பு ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியுள்ளதா?

3. பழைய கிராமப் பகுதிக் கட்டடமெனில், கட்டட அனுமதியும் குடியேற்றச் சான்றும் உள்ளனவா? இவையின்றி வங்கிக் கடன் கிடைப்பது அரிது. விலைக் குறைவுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

சந்தை வீட்டுக்கு விலையைத் தரும். அரசு நிலத்தையும் விதியையும் தரும். இவ்விரண்டுக்கும் இடையில் நமது சேமிப்பைக் காப்பது, கையொப்பமிடுமுன் நாம் படித்தறியும் ஆவணமே.