சர்வரை ஃபார்மட் அடிக்கும் முன்

“சர்வர் ரொம்ப ஸ்லோ சார், ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். புதுசா போட்டுடலாம்” என்று சர்வீஸ்காரர் சொன்னதும், பெரும்பாலான முதலாளிகள் கேட்பது ஒன்றுதான்: “எவ்வளவு நேரம் ஆகும்?” அரை நாள் என்று பதில் வரும். அது பொய்யில்லை. ஓ.எஸ். போட அவ்வளவுதான் ஆகும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த வேலை மட்டும் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

ஃபார்மட்டுக்கான தேவை பல இடங்களில் உண்மையானதே. விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நின்றுவிட்டது. சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். சர்வர் 2016க்கு 2027 ஜனவரி 12. ஆகவே மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றும்போது கணக்கு காணாமல் போனால் சட்டம் சர்வீஸ்காரரைக் கேட்காது, உங்களைத்தான் கேட்கும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகள் இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் எட்டு நிதியாண்டுகள். அதோடு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் இருக்க வேண்டும் என்பதும் கம்பெனி விதி. “ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு” என்ற பதிலை அதிகாரி ஏற்றுக்கொள்வார் என்று நம்ப வேண்டாம்.

“பேக்கப் எல்லாம் இருக்கு சார்” என்பது நம் ஊர் அலுவலகங்களில் அதிகம் நம்பப்படும் வாக்கியம். உலகெங்கும் மென்பொருளாளர்கள் புழங்கும் கிட்லாப் நிறுவனமும் அப்படித்தான் நம்பியது. 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸை அழிக்கத் தொடங்கினார். சுதாரித்து நிறுத்தியபோது 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல், அது பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை எச்சரித்த மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அத்தனை பொறியாளர்கள் உள்ள இடத்திலேயே இப்படி!

எனவே “பேக்கப் எடுத்தாச்சா?” என்று கேட்காதீர்கள். “வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். நேற்று போட்ட கடைசி பில் அதில் தெரிகிறதா என்று உங்கள் அக்கவுண்டன்ட் உட்கார்ந்து பார்க்கட்டும். டேலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே டேட்டா எந்த டிரைவில் இருக்கிறது என்று தெரியும். அங்கே எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்களை, எல்லா கம்ப்யூட்டரிலும் டேலியை மூடிய பிறகு முழுதாக எடுக்க வேண்டும். எக்செல்லாக மாற்றி வைத்தால் போதாது. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகள் காட்ட வேண்டிய திருத்தத் தடம் (ஆடிட் டிரெயில்) எக்செல்லில் வராது. பில்லிங் மென்பொருள் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஓடுகிறதென்றால், ஓடும்போதே கோப்பை காப்பி செய்ய முடியாது, அதற்குள்ளிருந்துதான் பேக்கப் எடுக்க வேண்டும். “ரெய்டு இருக்கு, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா” என்பார்கள். ஒன்றில் அழித்தால் அதே நொடியில் மற்றதிலும் அழியும், அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு.

என்னைக் கேட்டால், பழைய டிஸ்க்கை ஃபார்மட் அடிக்கவே கூடாது. புது எஸ்எஸ்டி வாங்கி அதில் ஓ.எஸ். போடுங்கள். பழையதைக் கழற்றி, எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு வருட ஆடிட் முடியும்வரை பீரோவில் வையுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயையும் கழற்றுவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

அடுத்தது உரிமைகள். அட்மின் பாஸ்வேர்டு, லைசென்ஸ் கீ, ரவுட்டர் பாஸ்வேர்டு எல்லாம் உங்கள் சொத்து. லைசென்ஸ் சர்வீஸ்காரரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டேலி லைசென்ஸை ஃபார்மட்டுக்கு முன் சரண்டர் செய்துவிடுவது நல்லது. செலவு மிச்சம் என்று கிராக் செய்த ஓ.எஸ். போட ஒப்புக்கொள்ளாதீர்கள். தெரிந்தே பயன்படுத்துபவருக்குக் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் உண்டு.

டேட்டா போய்விட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று தோன்றும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறும் நிறுவனத்தை சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. அவர்களுக்கு ஒப்பந்தம்தான் ஆயுதம். வேலை தொடங்கும் முன் எதெதை பேக்கப் எடுத்தார், யார் சரிபார்த்தார், போனால் யார் பொறுப்பு என்று ஒரு பக்கம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பாஸ்வேர்டைத் தராமல் இழுத்தடிப்பதும், அனுமதியின்றி டேட்டாவை அழிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆவது பிரிவில் வரும். ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனு செய்யலாம்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கியதால் ஃபார்மட் என்றால் கதையே வேறு. அவசரப்பட்டு அழித்தால் ஆதாரமும் போய்விடும், பின்னாளில் பூட்டைத் திறக்கும் கருவி வெளிவந்தாலும் திறக்கக் கோப்பு இருக்காது. நெட்வொர்க் ஒயரை முதலில் பிடுங்குங்கள். தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. 1930 என்ற எண்ணில் சைபர் கிரைமுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, தேதி. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த இரண்டும் முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை மாலைக்கு வேலையை வையுங்கள். அதற்குள் பேக்கப்பைத் திறந்து காட்டவில்லை என்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுங்கள்.