உங்களுக்குத் தெரியுமா? கன்றைக் கடித்தது யார்?

உட்லண்ட்ஸில் புளோக்குக்குக் கீழே, இட்லிப்பூ வேலிக்குள் ஒரு முயல் பதுங்கியிருந்தால் அது மண்டாய்க் காட்டிலிருந்து வழிதவறி வந்ததல்ல. சிங்கப்பூருக்கே உரிய முயல் இனம் எதுவும் கிடையாது. யாரோ ஆசையாக வாங்கி, வளர்க்க முடியாமல் இறக்கிவிட்டுப் போன செல்லப்பிராணி அது. பசிக்கு வேலிச்செடியைக் கடிக்கிறது. பூனை, வெயில், மழை என்று எதையும் சமாளிக்கத் தெரியாது.

*

கடிபட்ட செடியே கடித்தது யாரென்று சொல்லிவிடும். கிளை நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். கத்தியால் சீவியதுபோல் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். முயலுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு, அவற்றின் பின்னால் ஒட்டினாற்போல் இன்னும் இரண்டு சிறு பற்கள். நுனி நார்நாராகக் கிழிந்திருந்தால் மான். மானுக்கு மேல்தாடையில் முன்பற்களே இல்லை. கீழ்ப்பல்லால் கவ்வி இழுத்துத்தான் பிய்க்கும். மரத்தின் உயரக் கிளைகளில் பட்டை சுரண்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் அணில்தான். முயலால் மரமேற முடியாது.

மான் என்றதும் வியக்க வேண்டாம். சிங்கப்பூரில் ஏறக்குறைய அழிந்தே போன கடமான், 1970களில் விலங்கியல் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழியாக மண்டாய்ப் பகுதியில் மறுபடி பெருகியது. உட்லண்ட்ஸுக்குப் பக்கத்துக் காடுதான் அது.

*

முயலுக்கு முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்க எதையாவது கொறித்தாக வேண்டும். சேட்டை என்று நாம் நினைப்பது அதற்குப் பிழைப்பு.

*

இலை போனால் துளிர்க்கும். பட்டை போனால்?

இலையில் தயாராகும் சர்க்கரை, பட்டையின் உட்புறத் திசு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கன்றின் தண்டைச் சுற்றி வளையமாகப் பட்டை உரிந்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். சில வாரங்கள் வரை மேலே இலைகள் பசுமை மாறாமல் நிற்கலாம். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு பக்கம் அகலமான பட்டை மிஞ்சியிருந்தால் கன்று பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தென்னை, பனை, பாக்கு ஆகியவற்றின் கதை வேறு. அவற்றில் உணவு கடத்தும் குழாய்கள் தண்டு முழுக்கப் பரவிக் கிடப்பதால் மேற்பரப்பில் வளையமாகச் செதுக்கினாலும் அவ்வளவு எளிதில் சாவதில்லை.

*

காட்டு முயல் நிறைந்த பிரிட்டனில் கன்றுக் காப்புக்கு அளவே வகுத்திருக்கிறார்கள். முயல் பின்னங்கால்களில் எழுந்து நின்றால் எட்டும் உயரத்தைக் கணக்கிட்டு 60 செ.மீ. உறை. அதைவிடப் பெரிய, குழி தோண்டாத வயல் முயலுக்கு 75 செ.மீ. வேலியாகப் போட்டால் 90 செ.மீ. உயரம், 31 மி.மீ. கண் உள்ள கம்பிவலை. வலையின் அடிப்பகுதியில் 15 செ.மீ. அளவை முயல் வரும் பக்கமாக மடித்துவிட வேண்டும் என்பதுதான் இதில் நுட்பம். வேலியோரம் வந்து மண்ணைப் பறிக்கும் முயலுக்குக் காலடியில் கம்பி தட்டும்.

1979ல் கிரஹாம் டூலி என்ற பிரிட்டிஷ் வனத்துறை அறிவியலாளர் கன்றுக்கு பிளாஸ்டிக் குழாய் மாட்டிப் பார்த்தார். கன்று தப்பியதோடு குழாய்க்குள் வேகமாகவும் வளர்ந்தது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மூடிய குழாயை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றோட்டமுள்ள வலைதான் நல்லது. தண்டு பருக்கப் பருக்க வலையைத் தளர்த்த மறக்காதீர்கள். இறுகிய கம்பியும் பட்டையை அறுக்கும்.

*

மேற்கு ஆஸ்திரேலியாவில் முயலைத் தடுக்க 1901 முதல் 1907 வரை மூன்று வேலிகள் போட்டார்கள். மொத்த நீளம் 3,200 கிலோமீட்டருக்கும் மேல். வேலி முடிவதற்குள்ளேயே முயல்கள் தாண்டிவிட்டன. 1859ல் நாட்டின் தென்கிழக்கில் ஒரு பண்ணையார் வேட்டைக்காக அவிழ்த்துவிட்டதில் தொடங்கிய வினை!

*

தமிழகத்தின் கொங்கு நாட்டில் வேலியே உயிரோடு நிற்கும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வரிசையாகக் கிளுவைச் செடி. போத்தை வெட்டி ஊன்றினால் வேர்பிடித்து, முள்ளோடு அடர்ந்துவிடும். உள்ளே மேயும் மாடு வெளியே போகாது, வெளியே திரியும் ஆடு உள்ளே வராது. கம்பிக்குச் செலவில்லை, துருப்பிடிக்கும் கவலையில்லை. முயலைப் பிடிக்கலாமே என்று மட்டும் ஊரில் யாரும் கிளம்பக் கூடாது. காட்டு முயல் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது.

*

உட்லண்ட்ஸில் இளமரத்துக்கு முயலைவிடப் பெரிய ஆபத்து புல்வெட்டும் இயந்திரம். சுழலும் நைலான் நரம்பு அடித்தண்டில் உரசினால் மெல்லிய பட்டை தெறித்துவிடும். நான்கு பக்கமும் உரசினால் முயல் வளையமாகக் கொறித்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. தண்டைச் சுற்றிப் புல்லே இல்லாமல் வட்டமாக மரத்தூளோ சருகோ பரப்பி வைத்தால், புல் வெட்டும் தம்பிமார் இயந்திரத்தை அவ்வளவு கிட்டே கொண்டுபோக வேண்டிய தேவையே இராது. ஆனால் சருகைத் தண்டோடு சேர்த்துக் குவிக்காதீர்கள், ஈரம் தங்கிப் பட்டை அழுகும். 2020ல் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் இயக்கத்தில் நட்ட கன்றுகளுக்கும், குடியிருப்பாளர்களே கவனிக்கும் சமூகத் தோட்டங்களுக்கும் இதுதான் மலிவான காப்பு.

*

வீவக வீட்டில் முயல் வளர்க்க அனுமதி உண்டு. அப்படி வளர்ப்பவர்கள் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியை அதற்கு எட்டாமல் வையுங்கள். அரளி இருந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள். அது முயலுக்கு நஞ்சு.

*

முயல் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழும். 2023 முயல் ஆண்டு, அடுத்தது 2035. ராசிக்காகக் குட்டி வாங்க நினைப்பவர்கள் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். செல்லப்பிராணியைக் கைவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கீழ்த்தளத்தில் ஆதரவற்ற முயலைக் கண்டால் விரட்டாதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி மையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைத்து, இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.