நோயாளியின் சாக்ஷியம்

நியாயஸ்தலத்தில் ஒருவன் கூண்டிலேறிச் சாக்ஷி சொல்லும்போது, அவன் கண்டதை அவன் பாஷையில் சொல்லும்படி விடவேண்டுமென்பது வெகுகால வழக்கம். முதல் விசாரணையில் பதிலை அவன் வாயில் திணிக்கும் கேள்வியைக் கேட்டால் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து ஆக்ஷேபிக்கிறார். நியாயாதிபதியும் அக்கேள்வியைத் தள்ளிவிடுகிறார். ஒரு முழம் நிலத்துக்கான வழக்கிலே இவ்வளவு ஜாக்கிரதை. ஆனால் தன் தேகத்துக்குள் நடப்பதை, தான் ஒருவனே அறிந்ததும் வேறு சாக்ஷியில்லாததுமான ஒரு விஷயத்தை, வைத்தியர் முன் சொல்ல வந்தவனுக்கு அந்த மரியாதை கிடைக்கிறதா? "வலிக்கிறதா? எவ்வளவு? பத்துக்கு எத்தனை?" என்ற மூன்று கேள்விகளுடன் அவனது வாக்குமூலம் முடிந்துவிடுகிறது.

நாம் இங்கே பேசுவது அடிபட்ட அன்று எழும் வலியைப் பற்றியல்ல. எலும்பு முறிந்தவனுடைய வலிக்குப் படம் சாக்ஷி. வெட்டுண்டவனுக்கு ரத்தம் சாக்ஷி. மூன்று மாதத்திற்கு மேல் நீடித்துக் காயம் ஆறிய பின்பும் ஆறாமல் நிற்கும் நாட்பட்ட வலியையே கருதுகிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்த பதினோராவது பதிப்பில்தான், இது வேறொரு நோயின் அடையாளமாக மட்டுமன்றித் தானே ஒரு நோயாகவும் இருக்கக்கூடுமென்று முறையாக இடம்பெற்றது. அதுவரை, படத்தில் ஒன்றும் தெரியாத நோயாளி வைத்தியர் கண்ணுக்குப் பாதிப் பொய்யனாகவே நின்றான். பல இடங்களில் இன்னும் அப்படியே நிற்கிறான்.

சட்டம் இவ்விஷயத்தில் வைத்தியத்தைவிட முன்னே சென்றிருந்தது என்பதை நம் வாசகர்களில் பலர் அறியார்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய சாக்ஷியச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஒருவனுடைய மனநிலையையும் தேக நிலையையும் தேக உணர்ச்சியையும் காட்டும் சங்கதிகள் வழக்குக்குச் சம்பந்தமுள்ளவை என்று விதித்தது. விஷத்தால் இறந்தானா என்ற வழக்கில், நோயுற்றுக் கிடந்தபோது அவன் தன் நோய்க்குறிகளைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் எடுத்துக்கொள்ளத்தக்கவை என்று அதில் உதாரணமும் கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. எனினும் இந்த விதி அதிலும் நிலைத்திருக்கிறது. அந்நிய ஆட்சியின் சட்டமே நோயாளியின் சொல்லுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க, ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுக்க மறுப்பானேன்?

வலியை அளக்க வேண்டுமென்ற ஆசை ஐரோப்பிய அமெரிக்க வைத்தியர்களுக்கு நெடுநாளாக உண்டு. ஜுரத்துக்குக் கருவியுண்டு, ரத்த அழுத்தத்துக்குக் கருவியுண்டு, வலிக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். நியூயார்க்கில் கார்னெல் வைத்தியக் கலாசாலையைச் சேர்ந்த ஹார்டி, உல்ப், குடெல் என்ற மூவர் 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு யந்திரம் அமைத்தார்கள். நெற்றியில் மையைப் பூசி, விளக்கின் வெப்பத்தை மூன்று விநாடி அதன்மீது பாய்ச்சி, எந்த அளவில் சூடு வலியாக மாறுகிறதென்று குறித்தார்கள். வலிக்கு ‘டால்’ என்று ஒரு அலகும் ஏற்படுத்தினார்கள். யந்திரம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அது அளந்தது விளக்கின் சூட்டையேயன்றி மனிதனுடைய துன்பத்தையல்ல.

அதை உணர்த்தியது யுத்தகளம். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியப் போர்முனையிலிருந்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், பலத்த காயமடைந்த போர்வீரர்களிடம் வலி தீர மருந்து வேண்டுமா என்று கேட்டார். நாலில் மூன்று பங்கினர் தேவையில்லை என்றார்கள். இதை அவர் 1946-ல் வெளியிட்டார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் அதைவிடச் சிறிய காயத்துக்கும் மருந்து கேட்போர் மிகுதி. காயம் ஒன்றேயாயினும், போர்வீரனுக்கு அது வீடு திரும்பும் சீட்டு. குடும்பஸ்தனுக்கு அது பிழைப்புக்கு வந்த ஆபத்து. காயத்தின் அளவைக் கொண்டு வலியின் அளவை நிச்சயிக்க முடியாதென்பது அன்றே தெளிவாயிற்று.

யந்திரத்தை விட்டு மனிதன் வாயைக் கவனித்தவர் கானடா தேசத்து மாண்ட்ரீல் நகரத்து ரொனால்டு மெல்சாக். இவர் வாலிபராயிருந்தபோது, நீரிழிவினால் காலை இழந்த ஒரு மூதாட்டியைச் சந்தித்தார். இல்லாத காலில் அவளுக்கு வலி. அவ்வலியை அவள் வர்ணித்த விதம் அவரை ஆச்சரியப்படுத்தவே, அவளும் பிற நோயாளிகளும் உபயோகித்த சொற்களைத் திரட்டத் தொடங்கினார். அதன் முடிவாக 1975-ல் மக்கில் சர்வகலாசாலையின் பெயரால் வெளிவந்த வினாத்தாளில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தன. துடிப்பு, குத்தல், எரிவு போன்று வலியின் இயல்பைச் சொல்பவை ஒரு பக்கம். சோர்வு, பயம், தண்டனைபோல் தோன்றுவது முதலியன மனத்தை அது என்ன செய்கிறதென்று சொல்பவை மற்றொரு பக்கம். மொத்தத்தில் எவ்வளவு பொறுக்கமுடியாதது என்று மதிப்பிடுபவை வேறு. அடுத்த வருஷமே பல்வலி, பிரசவ வலி, மூட்டு வாதம், புற்றுநோய் முதலிய எட்டு வகை நோயாளிகளின் சொற்களை மட்டும் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு 77 பேர் இன்ன நோயினர் என்று சரியாகப் பிரித்தறிய முடிந்தது. நோயாளி உளறுகிறான் என்று எண்ணியிருந்த வைத்திய உலகம், அவன் சொல்லிலே சாஸ்திரம் இருப்பதைக் கண்டது.

இங்கே நம் தமிழின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். வலியைச் சொல்ல நம் குடியானவனுக்கும் அவன் மனைவிக்கும் இருக்கும் சொல்வளம் மாண்ட்ரீல் வினாத்தாளுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. குத்தல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. பாதம் எரிகிறது, மதமதவென்றிருக்கிறது, ஊசி போடுகிறது என்று நீரிழிவுக்காரர் சொன்னால், அது நரம்பின் கோளாறென்று கவனமுள்ள வைத்தியர் அப்பொழுதே ஊகிக்கலாம். மூட்டுவலிக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்குப் பயன்படாது, மருந்தே வேறு. விண் விண்ணென்று தெறிப்பது ஒன்றைக் காட்டும். வயிற்றைப் பிசைவது மற்றொன்றை. மார்பை இறுக்கிப் பிடித்துக் கை வழியே இறங்குவது அவசரமான வேறொன்றை. உளைச்சல் என்ற சொல்லையே பாருங்கள். காலுக்கும் அதுதான், மனத்துக்கும் அதுதான். தேகத்தையும் மனத்தையும் தனித்தனித் தொகுதியாக்கி மெல்சாக் பிரித்துக் காட்டியதை நம் பாட்டிமார் ஒரே சொல்லில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் ஆஸ்பத்திரியில் என்னவாகிறது? கிராமத்து மூதாட்டி ஒருத்தி, "ஐயா, இடுப்புக்குள்ளே போட்டுக் குடையுதுங்க, ராத்திரியானா காலெல்லாம் உளையுது" என்கிறாள். எதிரே இருக்கும் இளைஞர் தமிழர்தான்; அவர் வீட்டுப் பாட்டியும் இப்படித்தான் பேசுவாள். ஆயினும் அவர் கை இங்கிலீஷில் ‘இடுப்பு வலி’ என்று இரண்டு சொல் எழுதி நின்றுவிடுகிறது. குடைச்சலும் உளைச்சலும் இரவும் அந்தச் சீட்டில் ஏறவில்லை. "பத்துக்கு எத்தனை சொல்லுங்கம்மா?" என்று கேட்டால், "நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க ஐயா" என்று அவள் மதிப்பெண்ணை அவரிடமே விட்டுவிடுகிறாள். இந்த இளைஞரை நாம் குற்றம் சொல்லவில்லை. வெளியே நூறுபேர் நிற்கிறார்கள். வலியைப் பற்றிக் கேட்கவேண்டிய எட்டு விஷயங்களை ஸாக்ரடீஸ் என்ற பெயரின் எட்டு எழுத்துக்களில் அடக்கி மாணவர்களுக்குப் போதிக்கிறார்கள். அவற்றில் மூன்றாவது வலியின் இயல்பு எத்தகையது என்பது. அக்கேள்வியை அவர் இங்கிலீஷில் பாடம் செய்தார். பதில் தமிழில் வருகிறது. பதிலை வைக்க அவரிடம் பாத்திரமில்லை. பின்லாந்து தேசத்தார் 1981-ல் தமக்கொரு வினாத்தாள் செய்தபோது, தம் ஜனங்கள் வழங்கும் சொற்களையே சேகரித்துச் செய்தார்கள். பின்லாந்து நம் ஜனத்தொகையில் ஒரு சிறு பங்கு!

எண் வேண்டாமென்பதல்ல நம் கட்சி. இன்று 7 என்றவன் மருந்துண்ட பின் 5 என்றால் அது கவனிக்கத்தக்க குணம். சுமார் இரண்டு புள்ளியோ நூற்றுக்கு 30 பங்கோ குறைந்தால் நோயாளிக்கே பலன் தெரிகிறதென்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். ஒருவனை அவனோடேயே ஒப்பிட எண் உதவும். இருவரை ஒப்பிட அது உதவாது; ஒருவனை நம்பவோ நம்பாமலிருக்கவோ சிறிதும் உதவாது. பத்து வருஷம் வலியோடு வாழ்ந்தவன் கத்துவதில்லை. அமைதியாக உட்கார்ந்து 8 என்கிறான். இவ்வளவு அமைதியானவனுக்கு எட்டா என்று ஐயுறுகிறார்கள். அடக்கமாக 4 என்றால் வீட்டுக்கனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அவன் 10 என்கிறான். இது பொய்யல்ல, பேரம். பேரத்தைக் கற்பித்தது கேள்வி.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன விளையுமென்பதற்கு அமெரிக்காவே திருஷ்டாந்தம். நாடி, சுவாசம், உஷ்ணம், ரத்த அழுத்தம் என்ற நான்கோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொள்ளவேண்டுமென்று 1990-க்களின் நடுவில் அங்கே ஒரு இயக்கம் கிளம்பிற்று. நோக்கம் நல்லது. 2001-ல் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஸ்தாபனமும் வலியை மதிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. நோயாளியுடன் பேச நேரமோ கூலியோ கொடுக்கப்படவில்லை. எண்ணைக் குறைக்க மாத்திரை இருந்தது. அபின் வகை மருந்து விற்ற பர்டூ என்ற கம்பெனி, பழகிப்போகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதற்காக 2007-ல் நியாயஸ்தலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020-ல் மீண்டும் ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2019 வரை இவ்வகை வஸ்துக்களின் மிகையால், கள்ளச்சரக்கும் உட்பட, அங்கே மாண்டவர் ஏறக்குறைய ஐந்து லக்ஷம் பேர். 2016-ல் அமெரிக்க வைத்தியர் சங்கம் ஐந்தாவது குறி என்ற பேச்சையே கைவிடத் தீர்மானித்தது.

யாருடைய சொல் நம்பப்படுகிறதென்பது ராஜீயமான கேள்வியுமாகும். அலபாமாவில் 1840-க்களில் மாரியன் சிம்ஸ் என்பவர் அடிமைப்பட்ட நீக்ரோ ஸ்திரீகளின் தேகத்தில் மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப ரண சிகிச்சை செய்து பிரசித்தி பெற்றார். நியூயார்க்கிலிருந்த அவர் சிலையை 2018-ல்தான் அகற்றினார்கள். பழங்கதையென்று தள்ளவேண்டாம். 2016-ல் வர்ஜீனியாவில் 222 வெள்ளை வைத்திய மாணவரையும் பயிற்சி வைத்தியரையும் விசாரித்தபோது, கறுப்பர் தோல் தடித்தது என்பது போன்ற பொய்களில் ஒன்றையேனும் சுமார் பாதிப்பேர் நம்பியிருந்தார்கள். அப்படி நம்பினவர்கள் கறுப்பர் வலியைக் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். உழைப்பாளிக்கு உடம்பு மரத்துப்போயிருக்கும், பெண்பிள்ளை எதற்கும் அழுவாள் என்று பேசும் நம்மவர் இதைப் படித்துவிட்டு அமெரிக்கனை நோக்கி விரல் நீட்டுவது அழகல்ல.

அமெரிக்காவின் பீதியை இங்கே இறக்குமதி செய்வதும் தவறே. அங்கே மிகை, இங்கே பஞ்சம். அபின் பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் இத்தேசத்தில், 1985-ஆம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிக்கு மார்பின் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலியோரின் விடாமுயற்சிக்குப் பின் 2014-ல் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. மருந்து ஒழுங்காகக் கிடைக்கவும், வீணாகாமலிருக்கவும், நோயாளியின் வாக்குமூலம் சரியாகப் பதிவாவது முதற்படி. ‘வலி உண்டு’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எந்த வைத்தியரும் தைரியமாக மருந்தெழுத முடியாது. மோட்டார் விபத்து வழக்குகளில் வலிக்கும் வேதனைக்கும் நஷ்டஈடு கேட்கும்போது நாம் படும் பாடும் இதுவே. ஆதாரம் தேடினால் சீட்டில் அந்த இரண்டு சொல்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ஏழைகளை அழைத்துச் செல்லும் தொண்டர்கள் ஒரு காரியம் செய்யலாம். புறப்படுமுன் நோயாளியிடம் கேட்டு ஒரு காகிதத்தில் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும்: எங்கே, எப்போது முதல், எந்த மாதிரி, எத்தனை நாழிகை தூக்கம், தரையில் உட்கார்ந்தெழ முடிகிறதா, தண்ணீர்க்குடம் தூக்க முடிகிறதா, போன மாதம் செய்த எந்த வேலையை இந்த மாதம் செய்ய முடியவில்லை. சொல்லைத் திருத்தக்கூடாது, குடைச்சலென்றால் குடைச்சல்தான். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் நோயாளர் நலச் சங்கங்களில் இடம்பெற்றிருக்கும் நண்பர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பிரஸ்தாபிக்கவேண்டும். வெளிநோயாளர் சீட்டில் எண்ணுக்கென்று ஒரு கட்டம் போடுகிறவர்கள், அதன் கீழே நோயாளியின் சொல்லைத் தமிழிலேயே எழுத ஒரு வரி இடம் விடுவதற்கு அதிகச் செலவு ஏதும் பிடிக்காது.