கூகைக் குஞ்சு விழுந்து கிடந்தால்…

ஆந்தை என்றாலே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கூரைமேல் உட்கார்ந்து அலறினால் சாவு வரும், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு ஆகாது, கைப்பிள்ளைக்குத் தோஷம் என்று எத்தனை கதைகள்! சிவகாசிப் பக்கத்துக்காரியான எனக்கும் இதெல்லாம் சோற்றோடு சேர்த்து ஊட்டினதுதான். ஆனால், கண் முன்னால் ஒரு குஞ்சு விழுந்து கிடக்கும்போது கதையை நினைத்துக்கொண்டு நிற்க முடிகிறதா, சொல்லுங்கள்!

எங்கள் கரிசல் பூமியில் பனையும் வேம்பும் பாழுங்கிணறும் பழைய கிட்டங்கிகளும் ஏராளம். இவற்றின் பொந்துகளில்தான் இவை குடியிருக்கும். போன மாசியில், தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் கிட்டங்கியின் ஓட்டிடுக்கிலிருந்து ஒரு குஞ்சு விழுந்துவிட்டது. பையன்கள் குச்சியால் சீண்ட, அது ‘உஸ்ஸ்’ என்று சீற, “பாம்பு, பாம்பு!” என்று ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சுப் பொதி, அதில் வெற்றிலை வடிவில் ஒரு முகம். கூகைக் குஞ்சு! பயந்தால் அப்படித்தான் சீறுமாம்.

“ஏத்தா, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அதத் தொடாத. முள்ளுக்காட்டுல கொண்டு விடச் சொல்லு” என்றார்கள் அத்தை. முள்ளுக்காட்டில் விட்டால் நாயோ கீரியோ அன்றைக்கே முடித்துவிடும். இடுப்பில் என் ஆறு மாதப் பெண். ஆனாலும் அத்தை பேச்சில் பாதி நியாயம் இருந்தது. காட்டுப் பறவையும் கைக்குழந்தையும் ஓர் அறையில் இருக்கக் கூடாது. நகம் ஊசி மாதிரி. எச்சத்தில் கிருமி இருக்கும். அதனால் வீட்டுக்குள் வேண்டாம், திண்ணையிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

கெட்டியான துண்டைப் போர்த்தி, அப்படியே அள்ளி எடுத்தேன். காற்றுக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து வைத்து மூடினேன். எங்கள் ஊரில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டாசு வந்த பெட்டி வேண்டாம், மருந்துத்தூள் ஒட்டியிருக்கும். இறகு முளைக்காத குஞ்சானால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு தாங்காவிட்டால் அது மறு பக்கம் நகர்ந்துகொள்ளும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

பாவம், பசிக்குமே என்று பாலும் சோறும் ஊட்டக் கிளம்பிவிடாதீர்கள்! எலியை எலும்பும் ரோமமுமாகத் தின்கிற ஜாதி அது. பால் ஒத்துக்கொள்ளாது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்ச் செத்தே போகும். சும்மா விடுவதுதான் நல்லது.

என் வீட்டுக்காரர் வனத்துறைக்குப் போன் செய்தார். சாயங்காலம் வந்த ஊழியர் சொன்ன விஷயம்தான் எனக்குப் புதிது. பொழுது சாயக் கீச்சுக்கீச்சென்று சண்டை போடுமே மஞ்சள் கண் புள்ளி ஆந்தை, அதன் குஞ்சு இறகு முளைத்ததாக இருந்தால் அதே மரத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகினால் போதுமாம். தாய் தேடி வந்து ஊட்டும். கூகை அப்படியில்லை. பொந்துக்கு வெளியே விழுந்த குஞ்சை அது பெரும்பாலும் கவனிக்காது. பொந்துக்குள்ளேயே திரும்ப வைத்தாக வேண்டும். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் வெறும் பேச்சு.

ஏணி வைத்துப் பார்த்தால் உள்ளே இன்னும் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு அளவு! கூகை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொரு முட்டையாக இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் மூத்ததுக்கும் கடைக்குட்டிக்கும் அவ்வளவு வித்தியாசம். நம்முடையதையும் உள்ளே வைத்தாயிற்று. ராத்திரி வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் வந்து நுழைந்ததை அத்தைதான் முதலில் பார்த்தார்கள். “வாயில எலி வச்சிருக்குத்தா” என்றார்கள், குரலை இறக்கி.

அந்த எலியைத்தான் யோசிக்க வேண்டும். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைக்கென்றே மரப்பெட்டி கட்டி வைக்கிறார்கள். நாமோ விரட்டுகிறோம். வடக்கே தீபாவளி சமயத்தில் மாந்திரீகம் என்று ஆந்தையைப் பிடித்துப் பலி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். ஆசையாக இருக்கிறதே என்று குழந்தைகளுக்காக வைத்துக்கொள்ளவும் கூடாது.

பட்டாசால் சோறு சாப்பிடுகிற ஊர்க்காரி நான். வெடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், இருட்டில் எலி நடக்கிற சத்தத்தை வைத்தே அதைப் பிடிக்கிற காது கூகைக்கு. அதன் பொந்துக்கடியில் சரம் கொளுத்த வேண்டாமே! சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காக ஊரே பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

ஓடு மாற்றவோ பட்ட மரம் வெட்டவோ ஆள் கூப்பிடும்போது, முதலில் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மார்கழியிலிருந்து பங்குனி வரை குஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். புள்ளி ஆந்தைக் குஞ்சு ஒரு மாதத்தில் கிளம்பிவிடும். கூகைக்கு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.