பொங்கல் பையும் நம் பேரேடும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் கடைத்தெருவில் ஒரு கேள்வி சுற்றி வரும். "இந்த வருஷம் ரேஷன் கடையில் பொங்கலுக்கு என்ன கொடுக்கப் போகிறார்கள்?" வெல்லம் என்றால் வெல்ல மண்டியில் கவலை. முந்திரி, திராட்சை, ஏலக்காய் என்றால் மளிகைக் கடையில் கவலை. ரொக்கம் என்றால் ஜவுளிக்கடை முதல் பாத்திரக்கடை வரை கொஞ்சம் தெம்பு. அந்தப் பையை மக்கள் கையில் கொடுப்பவை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கடைகளே. அது போக, 2025 பொங்கலுக்குக் கூட்டுறவுத் துறை ரூ.199, ரூ.499, ரூ.999 என மூன்று விலைகளில் மளிகைத் தொகுப்புகளை விற்பனைக்கும் கொண்டுவந்தது.

ஆகவே கூட்டுறவுக் கடை என்றாலே போட்டிக்கடை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் நியாயமும் உண்டு. வாடகை கட்டி, வரி கட்டி, வட்டிக்குப் பணம் புரட்டிச் சரக்கு எடுப்பவனுக்குப் பொங்கலுக்கு முந்தைய பத்து நாள் வியாபாரம் சாதாரணமானதல்ல. ஆனால் நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரத்தில் இருந்து நாம் பார்த்த வரையில், ஒழுங்காக நடக்கும் ஒரு பண்டகசாலையிடம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அறுவடைத் திருநாளில் மக்களுக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதே அது.

இருபத்தெட்டுப் பேர்

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844 டிசம்பர் 21ஆம் தேதி ஒரு கடை திறக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு. நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு 28 பவுன் முதல் சேர்த்திருந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சரக்குதான் கடையில் இருந்தது. மாவில் சுண்ணாம்புப் பொடி கலந்து விற்பது அந்த நாட்டில் அப்போது சகஜமாக இருந்தது. இவர்கள் கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ரொக்க வியாபாரம் என்ற மூன்றையும் கண்டிப்பாக வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்த புதுமை லாபத்தைப் பிரித்த விதத்தில் இருந்தது. யார் எவ்வளவு முதல் போட்டார் என்பதை மட்டும் பார்க்காமல், யார் எவ்வளவு சரக்கு வாங்கினார் என்று பார்த்து, அந்த விகிதத்தில் உபரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கியவன் பணத்தில் வந்த லாபம் வாங்கியவனுக்கே ஒரு பங்கு திரும்புகிறது. இதில் தர்மம் செய்கிறோம் என்ற பேச்சே இல்லை. பாக்கிக் கணக்கைத் தீர்ப்பது போன்ற காரியம் அது.

இந்த முறையை முன்மாதிரியாகக் கொண்டுதான் 1904ஆம் ஆண்டு சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நம் நாட்டு நுகர்வோர் பண்டகசாலைகளுக்கு முன்னோடி அதுதான். பிறகு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தபோது, ஊருக்கு ஊர் பண்டகசாலைகள் பெருகின. இன்றைக்கும் கூட்டுறவுச் சங்கம் லாபத்தை இஷ்டம்போல் எடுத்துக்கொள்ள முடியாது. சேமநிதிக்கு ஒரு பங்கு, கூட்டுறவுக் கல்விக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கிய பிறகே உறுப்பினர்களுக்குப் பங்கு ஈவு. பொது நன்மைக்கும் நிதி ஒதுக்கலாம்.

சிப்பத்தை உடைத்துப் பார்த்தவர்

நம் மண்டிக்கு ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு சிறிய பண்டகசாலையின் செயலாளர் வருவது வழக்கம். பண்டகசாலையில் விற்பதற்கு வெல்லம் எடுப்பதோடு, தனியாக ஒரு சீட்டில் இன்னும் சில சிப்பங்கள் எழுதி வருவார். அவை சங்கத்தின் பொதுநல நிதியில், நிர்வாகக் குழுத் தீர்மானத்தோடு வாங்குபவை. அந்தப் பகுதித் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் லாரியில் மூடை இறக்குபவர்களுக்கும் பொங்கல் பை கொடுப்பதற்காக.

விற்பனைச் சரக்கை மேலோட்டமாகப் பார்ப்பவர், கொடுக்கும் சரக்கை மட்டும் சிப்பம் சிப்பமாகப் பிரிக்கச் சொல்வார். ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பார்ப்பார். ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து அடியில் என்ன தங்குகிறது என்று பார்ப்பார். நிறம் பளபளவென்று மஞ்சளாக இருந்தால் ஒதுக்கிவிடுவார். ஒருமுறை நாம் காரணம் கேட்டதற்கு அவர் சொன்னார்: "அண்ணாச்சி, விற்கிற சரக்கு சரியில்லை என்றால் வாங்கினவன் வந்து சண்டை போடுவான். சும்மா கொடுக்கிற சரக்குக்கு யார் வந்து சண்டை போடுவா? அதனால் நான்தான் பார்க்கணும்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது வாங்குபவனுக்குச் சொன்ன பழமொழி. வாங்குபவன் பார்க்க மாட்டான் என்பதால் கொடுப்பவன் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதற்குள் இருக்கும் நியாயம். தேங்கிய பருப்பையும் வண்டு விழுந்த ரவையையும் பொங்கல் தர்மத்தில் தள்ளிவிடும் வழக்கம் எங்காவது இருந்தால், அது கொடுப்பதாகாது. கழிவுச் சரக்கைக் கடையை விட்டு வெளியேற்றுவதாகும்.

இரண்டு பொங்கல் சொன்ன பாடம்

பெரிய அளவில் கொடுக்கும்போது இது எவ்வளவு சிரமம் என்பதை 2022 பொங்கலில் நாடு பார்த்தது. தமிழக அரசு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 21 பொருள்கள் கொண்ட தொகுப்பை அறிவித்தது. பச்சரிசி, வெல்லம், நெய், முந்திரி, பாசிப்பருப்பு, புளி, மிளகு என்று ஒரு வீட்டு மளிகையே அதில் இருந்தது. ஆனால் சில இடங்களில் வெல்லம் இளகி ஒழுகுகிறது என்றும், சில பொருள்கள் தரமில்லை என்றும் புகார்கள் எழுந்தன. வெல்ல வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. புதுவெல்லம் ஈரப்பதம் உள்ளது. மார்கழிப் பனியும் சேர்ந்தால் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அதைக் காயவிடாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி வாரக்கணக்கில் அடுக்கி வைத்தால் இளகத்தான் செய்யும். அடுத்த ஆண்டு முதல் தொகுப்பில் வெல்லத்துக்குப் பதிலாகச் சர்க்கரை வந்தது.

2023 பொங்கலுக்கு வேறொரு பாடம். 2022 டிசம்பரில் வந்த முதல் அறிவிப்பில் ரூ.1,000 ரொக்கம், ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை மட்டுமே இருந்தன. கரும்பு இல்லை. பன்னீர்க் கரும்பு போட்டிருந்த விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். சித்திரை, வைகாசியில் நட்டுத் தையில் வெட்டும் பயிர் அது. ஆலைக்குப் போகாது. பொங்கல் முடிந்தால் கேட்பாரில்லை. பிறகு டிசம்பர் இறுதியில் முழுக்கரும்பும் சேர்க்கப்பட்டது. வெட்டுக்கூலி, வண்டிக்கூலி உட்பட ஒரு கரும்புக்கு அதிகபட்சம் ரூ.33 என்று விலை நிர்ணயிக்கப்பட்டது.

பொங்கல் அறுவடைத் திருநாள். விளைவித்தவனுக்கு விலை கிடைக்காத பையில் பொங்கல் இல்லை. நாம் கொடுப்பதாக இருந்தால், இத்தனை கட்டுக் கரும்பு, இத்தனை சிப்பம் வெல்லம் வேண்டும் என்பதைக் கடைசி வாரத்தில் சொல்லாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கவுந்தப்பாடி, சித்தோடு சந்தைகளிலும் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியிலும் மார்கழிக் கடைசியில் விலை ஏறிய பிறகு வாங்கினால் நமக்கும் நஷ்டம். அவசரத்தில் தரமும் பார்க்க முடியாது. வெல்லம் வெளுப்பதற்கு ஹைட்ராஸ் கலப்பதும், எடைக்குச் சர்க்கரை கலப்பதும் பொங்கல் நெருக்கத்தில்தான் அதிகம் பிடிபடுகின்றன. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மஞ்சள் நிறத்தைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை வாடிக்கையாளர் விடவேண்டுமானால், முதலில் நாம் கருத்த வெல்லத்தைத் தைரியமாக முன்னால் வைத்து விற்க வேண்டும்.

நமக்குப் புதிதல்ல

கூட்டுறவு என்பது வெளியிலிருந்து வந்த வார்த்தையாக நமக்குத் தோன்றலாம். ஆனால் மூடைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்து ஊர்க் காரியம் செய்த வணிகர் பரம்பரை தென்மாவட்டங்களில் உண்டு. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளி. வியாபாரிகளின் மகமையோடு, வீட்டுப் பெண்கள் சமைக்க அரிசி எடுக்கும்போது தினமும் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டுச் சேர்த்தார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் காமராஜர்.

மகமையின் சிறப்பு என்னவென்றால், அது மனம் வந்தபோது கொடுப்பதல்ல. வியாபாரம் நடந்த அன்றே எடுத்துவைப்பது. வியாபாரம் பெருத்தால் மகமையும் பெருகும். சிறுத்தால் அதுவும் சிறுக்கும். யார் கையையும் கடிக்காது. ராச்டேல்காரர்கள் செய்ததும் விருதுநகர் வியாபாரிகள் செய்ததும் வேறு வேறு காரியங்கள்தான். ஆனாலும் இரண்டிலும் திருப்பிக் கொடுப்பது கணக்கோடு சேர்ந்தே நடந்தது.

செய்ய வேண்டியது

இன்றைக்கு அதை எப்படிச் செய்வது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 20 மூடை விற்கும் மொத்தக் கடைக்காரர் மூடைக்கு ஒரு ரூபாய் எடுத்துவைத்தால் மாதம் 25 வியாபார நாளுக்கு ரூ.500. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத்தில் ரூ.4,500. ஒரு கிலோ பச்சரிசி, அரைக்கிலோ வெல்லம், கொஞ்சம் பாசிப்பருப்பு, முந்திரி, திராட்சை, ஏலக்காய் கொண்ட பை ஒன்று ரூ.150 என்று வைத்துக்கொண்டால் 30 பை. இப்படி 50 கடைகள் சேர்ந்தால் 1,500 குடும்பங்கள். சில்லறைக் கடைக்காரர் நாளுக்குப் பத்து ரூபாய் எடுத்துவைத்தால் அவர் பங்குக்கு 15 பை. இதனால் எந்தக் கடையும் நொடித்துப் போகாது.

கொடுப்பது யாருக்கு என்பதிலும் யோசனை வேண்டும். அரசுத் தொகுப்பு அரிசி குடும்ப அட்டைதாரர்களுக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கும் கிடைக்கிறது. அட்டை இல்லாதவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. நம் கிட்டங்கியில் மூடை தூக்கும் வடமாநிலத் தொழிலாளி, கடைத்திண்ணையில் இரவு படுத்து எழுபவர், முகவரி மாறி அட்டை மாற்றாமல் கிடக்கும் குடும்பம் என்று நாம் தினமும் பார்க்கும் முகங்கள் அவை. அரசுப் பை போகும் வீட்டுக்கே நாமும் ஒரு பை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதில் பயன் இல்லை. பட்டியலில் விடுபட்டவர்களை நம் கடைத்தெருதான் அறியும்.

நடைமுறை விஷயங்கள் சில. பையில் உள்ள சரக்கின் பெயரும் எடையும் ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். முத்திரையிட்ட தராசில்தான் நிறுக்க வேண்டும். வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றி, கட்டும் வேலையைக் கடைசி மூன்று நாளில் வைத்துக்கொள்ளலாம். போகிக்கு முதல் நாளாவது கைக்குப் போய்ச் சேர வேண்டும். பொங்கல் அன்று மதியம் கிடைக்கும் பச்சரிசி அன்றைய பானைக்கு உதவாது. வரிக் கணக்கிலும் கவனம் தேவை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி, அன்பளிப்பாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே கொடுக்கும் சரக்குக்குத் தனிப் பற்று எழுதி, ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பண்டகசாலைகளோடு போட்டி இருக்கட்டும். விலையிலும் தரத்திலும் நாம் அவர்களோடு போட்டி போடத்தான் வேண்டும். ஆனால் அறுவடைத் திருநாளில் கொடுக்கும் விஷயத்தில், நம் ஊர்ப் பண்டகசாலையும் நம் சங்கமும் உட்கார்ந்து பேசி, அவர்கள் எந்தத் தெரு, நாம் எந்தத் தெரு என்று பிரித்துக்கொண்டால் ஒருவரும் விடுபட மாட்டார்கள். வரும் ஏப்ரல் முதல் தேதி புதிய பேரேடு போடும்போது மகமைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தை பிறக்கும்போது அந்தப் பக்கத்தின் கீழே கூட்டுத்தொகை இருந்தால் போதும், மற்றவை தானாக நடக்கும்.